போகும்போது இலவசம்

மால்டாவிலிருந்து கோஸோ தீவுக்குப் போகிற படகில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஏறிக்கொள்ளலாம். காரோடு ஏறலாம், கட்டில் பீரோவோடு ஏறலாம். எல்லாருக்கும் வரவேற்புதான். திரும்பி வரும்போது மட்டும் இம்ஜார் துறையில் ஒரு கூண்டுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். போனதற்கும் வந்ததற்கும் சேர்த்து அவளிடம் கட்டினால்தான் தீவை விட்டு வெளியே வர முடியும்.

நான் கோஸோவில் பெண் எடுத்தவன். இந்த ஏற்பாட்டை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் விஸ்டின். மால்டாவின் தென்கோடியில், ஒரு கோயிலும் இரண்டு பேண்டு சங்கமும் உள்ள சின்ன ஊர் என்னுடையது. கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்பை வளைத்தேன். வீட்டில் அதே முப்பத்தைந்து வருஷத்தில் வளைந்தது நான்.

இந்த வருஷம் ஒரு சபதம் எடுத்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்து விட்டு, மெதுவான குரலில் எடுத்தேன். "ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி சாயங்காலம் நான் என் ஊரில் இருப்பேன்." கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. வீட்டில் என்னை மறுத்துப் பேசாத ஒரே ஜீவன் அது.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் பதினைந்து எங்கள் ஊர் மாதா திருநாள். அன்றைக்குத்தான் என் மனைவி சல்வினாவின் ஊரான ரபாத்திலும் அதே மாதாவுக்கு அதே திருநாள். ரபாத் கோஸோவின் நடுவில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு உடம்பு.

எங்கள் நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரத்தில் பெண் வீட்டார் ஒரு வரி சேர்ப்பார்கள்: வருஷம் தவறாமல் இன்ன திருவிழாவுக்குப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்று. அந்த வழக்கம் செத்து எத்தனையோ காலம். என் மாமனார் அதை எனக்காகவே எழுப்பி உட்கார வைத்தார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு சல்வினா நீல உடுப்பு போட்டிருந்தாள். பத்திரத்தை யார் பார்த்தார்கள்?

அன்று முதல் முப்பத்தைந்து ஆகஸ்ட்கள் கோஸோவில். என் ஊரில் மாதா வீதி வருகிற நேரத்தில் நான் மச்சினி வீட்டுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எங்கள் மாதா சுரூபத்தை ஒரு தடவை தோளில் தூக்க வேண்டும். என் அப்பா தூக்கினார். அவர் அப்பா தூக்கினார். சுரூப மேடையைத் தாங்குகிற தண்டில் எங்கள் குடும்பத்துத் தோள் பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழப்பாகியிருக்கும் என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். ஒருத்தர் செத்தால்தான் அல்லது சாய்ந்தால்தான் இடம் காலியாகும். எங்கள் ஊர்க் காற்று ரொம்ப நல்ல காற்று. யாரும் சாவதில்லை.

ஜூலை இருபதாம் தேதி எதிர்வீட்டு இந்த்ரி வாசலில் வந்து நின்றான். இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தான். எட்டுப் பேரில் அவன் ஒருவன்.

"என்னடா ஆச்சு?"

"தோளு போயிடுச்சு, விஸ்டின். பரண்லேர்ந்து பெட்டிய இறக்கினேன். பெட்டி என்னை இறக்கிடுச்சு."

"ஐயோ" என்றேன். வருத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் வாய் காது வரை போய்விட்டது.

"சிரிக்கிறியா நீ?"

"இல்லடா, வலிக்குமேன்னு நினைச்சேன்."

"எனக்குத்தான வலிக்குது, நீ எதுக்குப் பல்லக் காட்டுற? சரி, சாமியார்கிட்ட சொல்லிட்டேன். என் இடத்துல இந்த வருஷம் நீ. சாயங்காலம் ஆறு மணிக்கு வெள்ளை அங்கியோட கோயில் வாசல்ல நிக்கணும். ஒரு நிமிஷம் தப்பினாலும் கறிக்கடை நேனு தயாரா இருக்கான்."

"நிப்பேன்."

"சல்வினாகிட்ட சொல்லிட்டியா?"

சிரிப்பு அதுவாகவே உள்ளே போய்விட்டது.

எப்படிச் சொல்வது? போன வருஷம் ரபாத்தில், மச்சினி வீட்டு விருந்து மேஜையில், இரண்டு டம்ளர் ஒயினுக்கு அப்புறம் நான் ஒரு கருத்துச் சொன்னேன். அவர்கள் ஊர் மாதா சுரூபத்தின் முகம் பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம் மாதிரி இருக்கிறது என்று. மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர். பதினோரு முள்கரண்டிகள் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதி ஒரு வருஷமாக இன்னும் கலையவில்லை. இந்த நிலையில் "உங்கள் திருவிழாவுக்கு வரவில்லை, எங்கள் மாதாவைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்ல, எனக்கு இருந்த முதுகெலும்பைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதனால் திட்டம் போட்டேன். பத்திரத்தில் "அழைத்துப் போக வேண்டும்" என்றுதான் இருக்கிறது. "அங்கேயே இருக்க வேண்டும்" என்று இல்லை. காலையில் அவளைக் காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண் அயர்கிற நேரத்தில் நழுவுவேன். பஸ் பிடித்து இம்ஜார். படகு. இக்கரையில் சிர்கெவ்வாவில் இந்த்ரி வண்டியோடு நிற்பான். ஆறு மணிக்கு அங்கி, தோள், தண்டு, மாதா. அப்புறம் நடப்பது நடக்கட்டும். அங்கியை மடித்து, ஐஸ் பையின் அடியில், பாட்டில்களுக்குக் கீழே ஒளித்தேன். அதற்குக் கீழே தேட எந்தப் பெண்ணுக்கும் தோன்றாது என்று நம்பினேன்.

பதினைந்தாம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஏழு மணிக்கு சிர்கெவ்வாவில் கார் வரிசையில் நின்றோம். மால்டாவில் பாதிப்பேர் அன்றைக்குக் கோஸோ போகிறவர்கள். மீதிப்பேர் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். வரிசைக்குள் நுழைந்த வண்டி பின்னால் வர முடியாது, திரும்ப முடியாது, மனசை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சல்வினா மடியில் ஒரு பெரிய டிம்பானாவை வைத்துக்கொண்டிருந்தாள். மக்ரோனியும் கறியும் நிறைத்து மேலே மாவு மூடிச் சுட்டது. அதன் வாசனையில் பக்கத்துக் கார்க்காரன் எங்களைச் சொந்தக்காரனைப் போலப் பார்த்தான்.

"ஏன் மனுஷா, உனக்கு இப்படி வேர்க்குது?"

"ஆகஸ்ட் மாசம்."

"எனக்கு வேர்க்கலியே."

"நீ கோஸோக்காரி. உங்களுக்கு வேர்க்காது. அடுத்தவங்களுக்கு வேர்க்க வைப்பீங்க."

"அந்த ஐஸ் பைய எதுக்குக் காலுக்கு நடுவுல இடுக்கிட்டு ஓட்டுற? பின்னாடி போடு."

"உருகிடும்."

"பின்னாடி போட்டா உருகுமா? உன் காலு என்ன ஐஸ் பெட்டியா?"

"பாட்டில் உடையும்."

"உன் காலுக்கு நடுவுல உடைஞ்சா பரவாயில்லியா?"

நான் முன்னால் நின்ற காரின் நம்பரைப் படித்தேன். அவளும் விட்டுவிட்டாள். அவள் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டால் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவன். அன்றைக்கு மட்டும் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் படகு எங்களை விழுங்கியது. இருபத்தைந்து நிமிஷப் பயணம். நடுவில் கோமினோ என்கிற குட்டித் தீவு, யாரோ தின்றுவிட்டுப் போட்ட ரொட்டித் துண்டு மாதிரி காய்ந்து கிடந்தது. சல்வினா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் தீவு கிட்ட வர வர அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகும். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். அன்றைக்குச் செய்யப்போகிற தப்பே கைவசம் இருந்தது.

"ரபாத்துக்குள்ள கொண்டுபோய் நிறுத்தாத" என்றாள் இறங்கும்போது. "மூணு மணிக்கு ரோட்ட அடைச்சிருவாங்க. ஊருக்கு வெளிய, துறைமுக ரோட்டு ஓரமா, மரத்தடியில நிறுத்து. வண்டி மாட்டிக்காது."

பாவம் என்று நினைத்தேன். இம்ஜார் பஸ் நிற்கிற இடம் அது. நான் தப்புவதற்கு அவளே வழி பண்ணிக் கொடுக்கிறாள், தெரியாமல்.

மச்சினி மார்ஜெரிட் வாசலிலேயே கன்னத்தை நீட்டினாள். முத்தம் வாங்கிக்கொண்டு சொன்னாள்: "வாங்க அத்தான். பஸ்ஸு கிடைச்சுதா?"

பின்னால் வீடே சிரித்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு.

சகலை கல்சிடோன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ரபாத் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறவர். ஆளை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்று தன் தோளையும் என் தோளையும் கையால் தடவி ஒப்பிட்டார்.

"சகல, உங்க உசரம் எவ்வளவு?"

"அஞ்சடி ஆறு அங்குலம். எதுக்கு?"

"சும்மாத்தான். செருப்பக் கழட்டுங்க. இப்ப?"

"அஞ்சடி ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு."

"அதான் வேணும்" என்று சல்வினாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று எனக்குள் கூச்சமாக இருந்தது. சட்டைக்கு எதற்குத் தோள் எலும்பைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

முயல் கறி வந்தது. டிம்பானா வந்தது. தர்பூசணி வந்தது. இரண்டு மணிக்கு வீடு முழுக்கக் குறட்டை. நான் எழுந்தேன்.

"எங்க கிளம்பிட்ட?" சல்வினா, கண்ணைத் திறக்காமலே.

"ஐஸ் பைய கார்லயே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

"மெதுவா வா" என்றாள். "அவசரமே இல்ல."

எவ்வளவு அன்பான வார்த்தை. காருக்குப் போனேன். சாவியை மார்ஜெரிட் வீட்டு ஆணியிலேயே விட்டாயிற்று, கார் கதவை நான் பூட்டவே இல்லை, எல்லாம் திட்டப்படி. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நிழற்கூரைக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

பஸ் வந்தது. கதவு திறந்தது.

"அட, அத்தான்!"

ஓட்டுநர் ஸெப்பு. சல்வினாவின் சித்தப்பா மகன். கோஸோவில் பஸ் ஓட்டுகிறவர்கள் கொஞ்சப்பேர்தான். எனக்கு வாய்த்தவன் இவன்.

"எங்க அத்தான், இந்த வெயில்ல?"

"ஆஸ்பத்திரிக்கு. பழைய சிநேகிதன் ஒருத்தன் படுத்திருக்கான்."

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்ல இருக்கு? இது இம்ஜார் பஸ்ஸு."

"அவன் இம்ஜார்ல படுத்திருக்கான். வீட்டுலயே."

"யாரு? நம்ம ஆளுங்க யாரும் படுக்கலியே?"

"மால்டாக்காரன். லீவுக்கு வந்த இடத்துல படுத்துட்டான்."

ஸெப்பு உதட்டைக் குவித்து அனுதாபப்பட்டான். பஸ் கிளம்பியது. இம்ஜார் கிழக்கே இருக்கிறது. பஸ் வடக்கே திரும்பியது.

"ஸெப்பு, இது எங்கப்பா போகுது?"

"திருவிழா அத்தான். ரோட்ட அடைச்சுட்டாங்க. சுத்து வழி."

"மூணு மணிக்குத்தான அடைப்பாங்க?"

"இந்த வருஷம் முன்னாடியே அடைச்சுட்டாங்க."

சுத்து வழி என்றால் நான் ஒரு தெரு, இரண்டு தெரு என்று நினைத்தேன். ஸெப்பு மார்சல்ஃபோர்ன் போனான். கடலைக் காட்டினான். அங்கிருந்து ஷாரா ஏறினான். கோயிலைக் காட்டினான். ஏறின மேட்டை இறங்கினான். மறுபடி ஏறினான். கோஸோ சின்னத் தீவு என்று சொல்கிறவர்கள் அதில் ஸெப்புவோடு பயணம் செய்யாதவர்கள். உப்புப் பாத்திகள், தக்காளி வயல்கள், மஞ்சள் கல் மதில்கள், ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் ஊருக்கு மிஞ்சின ஒரு கோயில். எல்லாம் அழகு. என் கண்ணுக்கு எல்லாமே கடிகாரமாகத் தெரிந்தன.

ஷாராவில் ஒரு கிழவி ஏறினாள். மாமியாரின் தங்கை, ஜோர்ஜா சித்தி. நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு, சல்வினா புருஷனா? எங்கப்பா போற?"

ஓட்டுநருக்கு ஒரு பொய் சொல்லியிருந்தேன் என்பது ஞாபகம் இருந்தது. என்ன பொய் என்பது மறந்துவிட்டது.

"குளிக்கப் போறேன் சித்தி. கடல்ல."

"பஸ்ஸு கடலத் தாண்டி வந்துருச்சே?"

"அந்தக் கடல் சரியில்ல. வேற கடலுக்கு."

"பையில என்ன, துண்டா?"

"ஆமா."

"இந்த வயசுல தனியாக் குளிக்கப் போறியே, சல்வினாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் தெரியும்."

கிழவி போனை எடுத்துக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்து ஒற்றை விரலால் ஏதோ குத்தினாள். முன்னால் ஸெப்புவின் போன் மணி அடித்தது. அவன் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுச் சிரித்தான். அப்புறம் நடூர் ரோட்டில் திரும்பினான். நடூர் எங்கள் வழியில் இல்லை. யார் வழியிலும் இல்லை.

"ஸெப்பு!" கத்தினேன். "நாலு மணிப் படகு!"

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"படகா அத்தான்? படுத்திருக்கிற சிநேகிதன் படகுலயா படுத்திருக்கான்?"

"குளிக்கப் போறேன்னாரே" என்றாள் கிழவி.

இந்தத் தீவில் ஒரு பொய் போதாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். ஆனால் ஆள்கள் எல்லாரும் ஒரே குடும்பம்.

மூன்று ஐம்பதுக்கு ஸெப்பு என்னை இம்ஜாரில் இறக்கினான். "சிநேகிதன விசாரிச்சதாச் சொல்லுங்க, அத்தான்" என்றான். பத்து நிமிஷம் இருந்தது. கூண்டை நோக்கி ஓடினேன். ஓடிக்கொண்டே பர்ஸுக்குக் கை விட்டேன். பின்பாக்கெட் காலி. முன்பாக்கெட் காலி. சட்டைப் பையில் ஒரு தர்பூசணி விதை.

பர்ஸ் சல்வினாவின் கைப்பையில் இருந்தது. "உக்காந்தா இடுப்புல குத்தும், குடு" என்று சாப்பாட்டுக்கு முன்னால் வாங்கி வைத்தாளே. அப்படியே நின்றேன். எதிரே படகு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. மூன்று பக்கமும் பச்சைக் கடல். என் அப்பா தோளுக்கும் என் தோளுக்கும் நடுவில் ஒரு டிக்கெட்.

கூண்டுக்குள் இருந்தவள் தலையை நீட்டினாள். "விஸ்டினண்ணே, ஏன் அங்கயே நிக்கிறீங்க? உங்க டிக்கெட்டு வாங்கியாச்சு."

"யாரு வாங்குனது?"

"யாரு வாங்குவா?" அவள் சல்வினாவோடு படித்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது. டிக்கெட்டை நீட்டினாள். அதோடு ஒரு மடித்த காகிதமும்.

"ஐஸ் பையைத் திற" என்று எழுதியிருந்தது.

திறந்தேன். பாட்டில்களுக்கு அடியில் அங்கி இல்லை. துணியில் சுற்றிய டிம்பானா ஒரு துண்டு இருந்தது. காலையில் நான் பையைத் தூக்குவதற்கு முன்பே வைத்திருக்கிறாள். அதன் மேல் இன்னொரு காகிதம்: "அங்கி கசங்கிக் கிடந்தது. முந்தாநாளே இஸ்திரி போட்டு இந்த்ரிகிட்ட குடுத்துட்டேன். சாப்பிட்டுட்டுத் தூக்கு. வெறும் வயித்துல மயங்கி விழுந்து என் மானத்த வாங்காதே."

தீவில் பிறந்தவளுக்குத் தெரியும். ஓடுகிற புருஷனை யாரும் துரத்த வேண்டியதில்லை. துறையில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். வாசல் ஒன்றுதானே.

படகில் பின்பக்கம் உட்கார்ந்து டிம்பானா தின்றேன். தீவு சின்னதாகிக்கொண்டே போனது. ரபாத் கோட்டை மேல் கொடிகள், அப்புறம் கொடிகளின் நிறம் மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. அவள் தெரிந்தே விட்டிருக்கிறாள். துணியில் ஒட்டியிருந்த மக்ரோனியையும் எடுத்துத் தின்றேன்.

சிர்கெவ்வாவில் இந்த்ரி சின்ன வேனோடு நின்றான். அங்கியைக் கசங்காமல் மடித்து இருக்கையில் வைத்திருந்தான்.

"டிம்பானா எங்க?" என்றான் முதல் வார்த்தையாக.

"தின்னுட்டேன். உனக்கு எப்படிடா தெரியும்?"

"வாசனை அடிக்குது. ஏறு, ஏறு, நேரமாச்சு."

ஏறினேன். அவன் கழுத்தில் தொங்கிய துணியில் வலது கை இருந்தது. முன்பு இடது கை இருந்ததாக ஞாபகம். ஒற்றைக் கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து அவன் வளைவுகளை எடுத்த வேகத்தில் எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. வலதா இடதா என்றெல்லாம் யார் பார்த்தார்கள்?

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோயில் வாசலில் நின்றேன். கறிக்கடை நேனு தன் அங்கியை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். அதற்கப்புறம் அவன் எனக்குக் கொடுக்கிற கறியெல்லாம் எலும்புதான்.

தண்டுக்குக் கீழே குனிந்தேன். தோளைக் கொடுத்தேன். ஒரு சத்தம், ஒரு மூச்சு. எட்டுப் பேரும் எழுந்தோம். கனம் என்று எல்லாரும் சொல்வார்கள். கனம்தான். ஆனால் அது இறங்கி வந்து உட்காருகிற இடம் தோளில்லை. அப்பா விட்டுப் போன ஏதோ ஒரு பள்ளம். பேண்டு வாசித்தது. மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. வாசல் தாண்டியதும் படிக்கட்டு ஓரத்தில் ஒரு நீல உடுப்பு.

சல்வினா.

நான் தீவைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, மரத்தடியிலிருந்து காரை எடுத்து, மூன்று மணிப் படகில் வந்து, வீட்டுக்குப் போய், உடுப்பு மாற்றி, முகத்துக்குப் பவுடர் போட்டு, நல்ல இடமாகப் பிடித்து நின்றிருக்கிறாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் தன் ஊர் மாதா ஊர்வலத்தில் இல்லை. என் ஊர் ஊர்வலத்தில் நின்றாள். கையைத் தட்டவில்லை. கைக்குட்டையால் என் பக்கமாக ஒரு சைகை காட்டினாள். நெற்றியைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை என்னால் வலது கையைத் தூக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சல்வினா தோளுக்கு எண்ணெய் தேய்த்தாள். மறுபடியும் அதே நீல உடுப்பு.

"சந்தோஷமா?"

"சந்தோஷம்" என்றேன். "நீ எப்பருந்து தெரிஞ்சு வச்சிருந்த?"

"நீ குளியலறையில குழாயத் திறந்துட்டுச் சபதம் எடுத்த பாரு, அன்னிக்கே. குழாயத் திறந்தா தண்ணிதான் சத்தம் போடும். உன் தொண்டைய யாரு அடைக்கிறது?"

"தெரிஞ்சும் ஏன் அந்த ஸெப்புவ விட்டுத் தீவச் சுத்த விட்ட?"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொண்டுவந்து விட்டிருப்பேன் மனுஷா. ஐஸ் பை, ஆஸ்பத்திரி, குளியல்னு ஆளுக்கு ஒரு பொய் சொன்னல்ல? அதுக்குத்தான் ஊரச் சுத்திக் காட்டச் சொன்னேன். நானும் முன்னாடி வந்து சேரணும்ல?"

"நான் உன் அப்பா பத்திரத்த மீறிட்டேனே."

"நீ மீறல. காலைல கூட்டிட்டுப் போன. சாயங்காலம் நானாத்தான் திரும்பி வந்தேன்."

இப்படிப்பட்டவளை முப்பத்தைந்து வருஷம் சந்தேகப்பட்டிருக்கிறோமே என்று எனக்குக் கண் கலங்கியது. அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னது?"

"சர்ச்சு விஷயம். சின்னதுதான்."

கலங்கின கண். எதிரே நீல உடுப்பு. போட்டேன்.

அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடினாள். காகிதம் என் மடியிலேயே இருந்தது. முதல் தடவையாக, கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஒரு பத்திரத்தைப் படித்தேன்.

ரபாத் கோயில் மாதா சுரூபம் தூக்குவோர் ஒப்பந்தம். முன்வரிசை. உயரம் ஐந்தடி ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த வருஷம் தொடங்கி ஐந்து வருஷத்துக்கு. கமிட்டிக்காக: கல்சிடோன்.

"சல்வினா!" என்று கத்தினேன். "நான் சொன்ன அந்த முகத்தையா? அதுக்கு நேர் கீழயா?"

"கீழ நின்னா முகம் தெரியாது" என்று அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது. "உனக்குக் கஷ்டம் இருக்காது. அவங்களுக்கும் உன் உசரத்துல ஒரு ஆள் கிடைக்காம மூணு மாசமா அலையுறாங்க."

கடைசி வரி இன்னும் பாக்கி இருந்தது. மேற்படி நபர் தூக்கத் தகுதியுள்ளவர் என்பதற்கு அவருடைய ஊரைச் சேர்ந்த ஒருவரின் சாட்சி. கையெழுத்து: இந்த்ரி. தேதி: ஜூலை பத்து.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இது வந்தது. அவன் தோள் போனது ஜூலை இருபது.

எழுந்து ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு மாடியில் இந்த்ரி ஏணி உச்சியில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி, திருவிழாத் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த்ரி! தோளு எப்படிடா இருக்கு?"

அவன் குனிந்து என்னைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான்.

"எந்தத் தோளு?" என்றான்.